நடந்து போனால் திரும்பி வருவேன், அக்கா

அக்கா,

இன்று காலை, நடப்பதற்கு வாங்கிய புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த மெல்லிய தாளை விலக்கியதும் ரப்பர் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால், "தோட்டத்து வாடைலா இது, வெளிய கொண்டுபோய் வை" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தியிருப்பாய். சுங்கை சிப்புட் பக்கத்தில் நாம் பிறந்த தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கட்டடத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவோம். அதைக் கடக்கும்வரை நீ மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவாய். நான் உன்னைச் சீண்டுவதற்காகவே மெதுவாக நடந்து வருவேன். நீ அந்தப் பக்கம் நின்று, "வாடா, சீக்கிரம் வாடா" என்று மூச்சு வாங்கக் கூப்பிடுவாய்.

பழைய சப்பாத்து முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. அடிப்பாகம் வழவழவென்று ஆகி, மழை பெய்த ரோட்டில் வழுக்க ஆரம்பித்தது. மச்சான்தான் பார்த்துவிட்டு, "தம்பி, விழுந்து கிழுந்து வைக்காதே, புதுசு வாங்கு" என்று என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். ஒரு ஜோடிச் சப்பாத்தை நடந்து நடந்தே தேய்த்துவிட்டேன் என்று வேறு யாரிடம் சொன்னாலும், அதற்கென்ன என்று கேட்பார்கள். உனக்குத்தான் அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் நடப்பது என்றாலே நீ கேட்டைப் பூட்டிய காலம் ஒன்று இருந்ததே.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டத்தையும் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். நீ என்னை ஈப்போ ஓரத்துச் சிலிபினுக்கு, உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாய். மச்சான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நீ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தாய். எனக்கும் ஈப்போவில் மேசை நாற்காலி செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் அது தொடங்கியது. முதலில், பக்கத்து மெஷினில் நிற்பவர்கள் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மெஷினை நிறுத்திய பிறகும் பேச்சு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் நிற்கவில்லை. பிறகு அந்தக் குரல் எனக்குக் கட்டளை போட ஆரம்பித்தது. "நட. நின்றால் பிடித்துவிடுவார்கள். நட."

ஒரு மதியம் பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டேன். கை கழுவினேனா என்பது கூட நினைவில்லை. பெரிய ரோட்டைப் பிடித்து தெற்கே நடந்தேன். செருப்பு எங்கே அறுந்தது, எங்கே படுத்தேன், எதுவும் தெளிவாக இல்லை. வழியில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். கடைசியில், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் தள்ளி, காம்பாரில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் நம் தமிழ் முஸ்லிம். என் காலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல உட்காருங்க தம்பி. டீ குடிங்க. நீங்க யார் வீட்டுப் பிள்ளை? போன் நம்பர் ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

அந்த இரைச்சலுக்கு நடுவிலும் எனக்கு ஒரே ஒரு நம்பர் தெரிந்திருந்தது. உன்னுடையது.

மச்சானின் லாரியிலேயே நீ வந்து இறங்கினாய். கடையின் பின்பக்கம் ஒரு பேசினில் தண்ணீர் வாங்கி, என் காலை எடுத்து உன் மடியில் வைத்துக் கழுவினாய். உள்ளங்கால் தோல் உரிந்து தொங்கியது. நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அது அத்தனை ஆழமாகப் பதிந்திருக்காது. தலையைக் குனிந்தபடியே சொன்னாய்.

"இனிமே எங்கேயும் நடந்து போகாதடா. அக்காவால தாங்க முடியாது."

பிறகு ஆஸ்பத்திரி. மலாய்க்காரப் பெரிய டாக்டர் ஒரு நீளமான பெயரைச் சொன்னார். ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் அதை மனச்சிதைவு என்கிறார்கள் என்று பின்னால் ஒரு பத்திரிகையில் படித்தேன். சிதைவு என்ற சொல்லைப் பார்த்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். நீயோ அந்தப் பெயர்களில் எதையும் வாயில் எடுத்ததில்லை. "தம்பிக்கு உடம்பு சரியில்லை" என்பாய். இருபது பேர் கூடிய கல்யாண வீட்டிலும் அதேதான், டாக்டர் முன்னாலும் அதேதான்.

ஊசியும் மாத்திரையும் என்னைக் காப்பாற்றின. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குரல் மெல்ல மெல்ல ஒதுங்கி, அடுத்த வீட்டு ரேடியோ போல ஆனது. ஆனால் குரல் அடங்கியபோது நானும் கூடவே அடங்கிப்போனேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அங்கேயே இருப்பேன். நீ வேலைக்குப் போகும்போது வெளிக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவாய். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி இருக்கும். சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தால், "நல்லா இருக்கான். சத்தமே இல்ல. உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்புறது இல்ல" என்பாய். அந்தக் காலத்தில் நம் வீட்டில் அதுதான் நல்ல செய்தி. உன் குரலில் இருந்த நிம்மதியை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறேன். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. நான் அசையாமல் இருந்தால் அக்கா சந்தோஷமாக இருக்கிறாள்.

அப்படியே பல வருஷம் போயிற்று. உடம்பு பெருத்தது. சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக விலகியது. குனிந்து நகம் வெட்ட முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் வேலிப்பக்கம் நின்றுகொண்டு, "சாப்பிடுறான், தூங்குறான். கொடுத்து வச்சவன்லா உன் தம்பி" என்றார். நீ துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். கையில் இருந்த ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினாய்.

"காய்ச்சல்ல படுத்துக் கிடக்கிறவனப் பார்த்து கொடுத்து வச்சவன்னு சொல்வீங்களாக்கா? இவனுக்கும் உடம்பு முடியல. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோம்பேறி என்று நான் என்னையே திட்டிக்கொண்ட நாள்களில், நீ வேலியோரம் சொன்ன அந்தப் பதில்தான் எனக்குத் துணை. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தோன்றும், அக்கா. அடுக்களையில் குழாய் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் தோன்றுவதற்கும் எழுவதற்கும் நடுவில் ஏதோ ஒரு கண்ணி கழன்று கிடக்கும். அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தாகம் போய்விடும். வியாதி கொஞ்சம், மாத்திரையின் மயக்கம் கொஞ்சம், பழகிப்போனது மீதி. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு தடித்த ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தெரியும்.

கிளினிக்கில் அந்தப் புது டாக்டர் வந்தது உனக்கு நினைவிருக்கும். தமிழ்ப் பெண், சின்ன வயது, ஓரத்தில் கொஞ்சம் நரைத்த முடி. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, சர்க்கரை கூடி இனிப்பு நீர் வந்துவிட்டது, கொழுப்பும் ஏறியிருக்கிறது என்றார். மாத்திரையை வேறு ஒன்றாக மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அது மட்டும் போதாது என்றார்.

"இவர் தினமும் நடக்கணும்க்கா. மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டே உடம்ப விட்டுட்டோம். இப்படியே உட்கார்ந்திருந்தா இதயத்துக்கு ஆபத்து."

நீ கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். "டாக்டர், இவன் நடந்தா திரும்பி வர மாட்டான்" என்றாய். பிறகு காம்பார் கதையைச் சொன்னாய். பேசின் தண்ணீர் சிவந்தது வரை சொன்னாய். அந்த அறையில்தான் முதல்முறையாக நான் அதை உன் வாயிலிருந்து கேட்டேன். டாக்டர் உன்னை இடைமறிக்கவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"

எத்தனையோ டாக்டர்கள் என்னைப் பற்றி உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடமே கேட்டது அவர்தான் முதல். அவர் காத்திருந்தார்.

"வெளிய போகணும்" என்றேன்.

நீ சடாரென்று திரும்பி என்னைப் பார்த்தாய். வீட்டுக்கு நீதான் காரை ஓட்டி வந்தாய். சிக்னலில் பச்சை விழுந்தும் காரை எடுக்க மறந்து, பின்னால் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. என் மேல் கோபமோ என்று பயந்தேன். அந்த வாரம் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய்வந்தபோது உன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. என் முன்னால் தரையில் உட்கார்ந்து, "காலைக் கொடு" என்றாய். எனக்குக் குனிய வராது என்பதால் நீயே சப்பாத்தை மாட்டிவிட்டு, கயிற்றையும் கட்டினாய். இரண்டு முடிச்சுப் போட்டாய்.

"மூலை வீடு வரைக்கும் போலாம். போயிட்டு வந்துடணும். சரியா?"

அந்த முதல் நாளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நீ எனக்குப் பின்னால் வந்தாய். என் சட்டையின் பின் ஓரத்தை முஷ்டியில் சுருட்டிப் பிடித்திருந்தாய். நான் நின்றால் நீயும் நிற்பாய். நான் வேகமாக ஒரு அடி வைத்தால் சட்டை இழுபட்டுக் கழுத்து இறுகும். மூலை வீடு வருவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. தொடை இரண்டும் எரிந்தன. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் ஆள் நம்மைப் பார்த்துக்கொண்டே போனான். நீ அவனைப் பார்த்து முறைத்தாய். திரும்பி வந்து கேட்டைத் தொட்டதும், நாம் இருவரும் ஏதோ திருடிவிட்டுத் தப்பி வந்தவர்கள் போல வாசல்படியில் உட்கார்ந்துவிட்டோம்.

மறுநாள் நான் எழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நீ கெஞ்சவில்லை, திட்டவில்லை. சப்பாத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலையிலிருந்து வந்த சட்டையோடே வாசலில் நின்றாய். "நான் போறேன். வந்தா வா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தேன். இப்படித்தான், போனதும் போகாததுமாக மூலை வீடு தாண்டி, கோயில் தாண்டி, பிள்ளைகள் பந்து ஆடும் திடல்வரை வந்து சேர்ந்தோம்.

திடல் ஓரத்தில் ஒரு மாலை குரல் திரும்ப வந்தது. பழைய குரல், பழைய கட்டளை. "நட, நின்றால் பிடித்துவிடுவார்கள்." நான் அப்படியே உறைந்து நின்றேன். நடந்தால் அதன் பேச்சைக் கேட்டதாகிவிடும், நின்றாலும் பயம். உன்னிடம் சொன்னேன். நீ ஒரு கணம் வெளிறிப்போனாய். பிறகு சட்டையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"என்ன சொல்லுது?"

"நடக்கச் சொல்லுதுக்கா."

"நாங்க ஏற்கனவே நடந்துக்கிட்டுதான் இருக்கோம்னு சொல்லு. வேணும்னா அதுவும் பின்னாடி வரட்டும்."

நான் சிரித்துவிட்டேன், அக்கா. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. நீயும் சிரித்தாய். பந்து ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நம் இருவரையும் பார்த்தார்கள். அடுத்த முறை டாக்டரிடம் அதையும் சொன்னோம். மருந்தின் அளவைக் கொஞ்சம் சரிசெய்தார். உன் பதிலைக் கேட்டு அவரும் சிரித்தார்.

பிறகு நீ என்னைத் தனியாக விட்டாய். திடல்வரை மட்டும். நீ கேட்டில் நின்று பார்ப்பாய். நான் திரும்பும் முனை வந்ததும் கையைத் தூக்கிக் காட்டுவேன். அப்படிப் போய்க்கொண்டிருந்த நாள்களில்தான் அந்தப் பெருமழை.

திடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வானம் இடிந்து விழுந்தது. கொட்டகையின் கீழே சீனக் கிழவர்கள் சிலர் கையை முன்னும் பின்னும் வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் மலாயில், "கையை வீசு, குளிர் போகும்" என்றார். நானும் வீசினேன். மழை குறைந்து கிளம்பியபோது வழியில் இருந்த சின்னப் பாலம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டு வழியாகத்தான் வர வேண்டும். கையில் போன் இல்லை.

பெரிய ரோட்டுச் சந்தியில் வந்து நின்றேன். நேராகப் போனால் பட்டணம், கோப்பேங், அதற்கப்பால் காம்பார். வலது பக்கம் திரும்பினால் வீடு. குரல் வந்தது. "நேராப் போ." லாரிகள் தண்ணீரை வாரி என்மேல் இறைத்துக்கொண்டு போயின. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் முகம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குக் குளிரெடுத்தது, பசித்தது, நீ காலையில் மீன் வாங்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. வலது பக்கம் திரும்பினேன்.

நம் வரிசைக்குள் நுழைந்தபோது நீ கேட்டுக்கு வெளியே நடு ரோட்டில் நின்றிருந்தாய். தலைமுடி அவிழ்ந்து, புடவை முழங்கால்வரை நனைந்து. மச்சான் லாரியை எடுத்துக்கொண்டு என்னைத் தேடிப் போயிருந்தார். எதிர்வீட்டு அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ என்னைப் பார்த்தாய். ஓடி வரவில்லை. நான் நடந்து வந்து சேரும்வரை அப்படியே நின்று பார்த்தாய்.

"பாலம் முழுகிருச்சுக்கா. ரோட்டுல நேராப் போகச் சொல்லுச்சு. நான் வளைஞ்சு வந்துட்டேன்."

"வளைஞ்சு வந்துட்டியா" என்றாய். பிறகு சாக்கடை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். காம்பாரில் அழாத அழுகையெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. எதிர்வீட்டு அம்மா, "வந்துட்டான்லா, அப்புறம் எதுக்கு அழுவுற" என்று உன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதார். மச்சான் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, நாம் மூவரும் நனைந்து நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார். அன்று மீன் குழம்பை எல்லாரும் சேர்ந்தே சாப்பிட்டோம், எதிர்வீட்டு அம்மாவும்தான். சாப்பிட்டு முடித்ததும் நீ அவரிடமிருந்த கேட் சாவியை வாங்கி என் கையில் கொடுத்தாய்.

"பையில வச்சுக்க. போகும்போது சொல்லிட்டுப் போ."

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் நம் நல்ல வருஷங்கள். செடி விற்கும் இடத்தில் காலை வேலை கிடைத்தது. தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்வருவதே ஒரு நடை. இனிப்பு நீர் கட்டுக்குள் வந்தது. ஒரு நாள் நானே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியதைப் பார்த்துவிட்டு, நீ அடுக்களையிலிருந்து மச்சானைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்களேன்" என்று காட்டினாய். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாத்திரையை விட்டேனா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். விடவில்லை. மாத்திரையையும் போட்டுக்கொண்டு, ஊசியையும் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். நாற்காலி இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. சில நாள் அது என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் எழுந்துவிடுவேன்.

உனக்கு அந்த நோய் வந்ததைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வார்டில் படுத்திருந்தபோது, நர்ஸ் மிஸி வந்து, எழுந்து நாலடி நடக்க வேண்டும் என்றார். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் உன் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் வைத்தேன். "நான் போறேன். வந்தா வா" என்றேன். வலியோடு நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தையலைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்தாய். ஜன்னல்வரை போய், கீழே கார்கள் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அங்கே நின்றபோதுதான் மெதுவாகச் சொன்னாய்.

"நான் இல்லன்னா நீ திரும்பப் படுத்துருவியோன்னுதான்டா கவலை."

நான் உன் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டி வந்தேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். படுத்தேன், அக்கா. நீ போன பிறகு படுத்தேன். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் படுத்தவன், எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை. மச்சான் சோற்றை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் பேச ஆள் இல்லை. எல்லாரும் பயந்தது போலவே குரலும் நெருங்கி வந்தது. ஒரு காலையில் அது சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எழுந்து போய் மச்சானை உலுக்கினேன்.

"மச்சான், என்னைக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே போலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே சாவியை எடுத்தார். போகிற வழியில்தான், "நீயே சொன்னியே தம்பி, அது போதும்லா. அது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரவில்லை. மருந்தை மாற்றினார்கள், அடிக்கடி வரச் சொன்னார்கள். பழைய நடைக்குத் திரும்பப் பல வாரம் ஆனது. இப்போது மச்சானும் என்கூட வருகிறார். லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு முழங்கால் போய்விட்டது. பாதி தூரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருவேன். வழியில் உன்னைப் பற்றிப் பேசுவோம். உன் சமையலைக் கொஞ்சம் குறை சொல்லிச் சிரிப்போம்.

ஆக, உன் கவலை பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. படுத்தவன் எழுந்துவிட்டான். நீ நிம்மதியாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக்கில் இப்போது ஒரு நடைக் குழு இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் வாரம் ஒரு காலை ஏரிக்கரைப் பூங்காவில் மிஸியோடு சேர்ந்து சுற்றி வருவோம். யாரையும் யாரும் விரட்டுவதில்லை. பாதியில் உட்கார்ந்தாலும் அது வந்த கணக்குத்தான். சில வாரங்களுக்கு முன்னால் ஒரு பெண் புதிதாக வந்தாள். அவளுடைய அப்பா அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஒட்டியே வந்தார். முன்பு ஒருமுறை அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம், தைப்பிங்கில் கண்டுபிடித்தார்களாம். "நடக்க விட்டா பயமா இருக்கு தம்பி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். காம்பார் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் அடுத்த வாரமும் மகளை அழைத்து வந்தார். கொஞ்சம் விலகி நடந்தார்.

போன வாரம் அவள் எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். மூங்கில் புதர் பக்கம் பாதை வளைகிறது. வளைவுக்கு வந்து பார்த்தால் பாதையில் ஆளே இல்லை. அவளுடைய அப்பா பின்னால் எங்கோ மிஸியோடு பேசிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் தண்ணீர். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஓடினேன், அக்கா. தோட்டத்தில் பந்து விளையாடிய காலத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை. வயிறு குலுங்க, மூச்சு இரைக்க, அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன்.

புதருக்கு அந்தப் பக்கம் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கரையில் ஒரு பெரிய உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"உஷ்! சத்தம் போடாதீங்கண்ணே. ஓடிரும்" என்றாள்.

நான் பக்கத்துப் புல்லில் விழுந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு, திரும்பவும் உடும்பைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மூச்சு அடங்கிய பிறகுதான் அது உறைத்தது. இத்தனை வருஷமும் மற்றவர்கள் எனக்காகப் பயந்தார்கள். நான் ஒருவருக்காகப் பயந்து ஓடியது அன்றைக்குத்தான். நெஞ்சில் அந்த அடைப்பும், கால் தானாகப் பறப்பதும், கண்டதும் உடம்பு துவண்டுபோவதும், எல்லாம் உன்னுடையவை. நீ எனக்காகச் சுமந்த பயத்தில் ஒரு பங்கு என்னிடம் வந்துவிட்டது. கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்கிற அளவுக்கு நான் நன்றாக இருக்கிறேன், அக்கா.

நாளைக் காலை நடை இருக்கிறது. அவள் வருவாள். நான் கடைசி ஆளாக நடப்பதாக மிஸியிடம் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால்தான் எல்லாரும் தெரிவார்கள்.